மிச்சமான ஒரு ஸ்குரூ



வீட்டு வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, "அப்பா வந்துட்டாரு" என்று பிள்ளைகள் எழுந்து ஓடுகிறார்களே, எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்? ஹாரனை வைத்தா? இன்ஜின் சத்தத்தை வைத்தா? பெரும்பாலான வீடுகளில் அந்தக் கடகடப்பை வைத்துத்தான். பக்கத்து வீட்டிலும் அதே கம்பெனி வண்டி, அதே மாடல், அதே நிறம் இருக்கலாம். ஆனால் உங்கள் வண்டியின் சைடு கவர் ஆடுகிற சத்தம் உங்கள் வண்டிக்கு மட்டுமே சொந்தம்.

இந்த மாதம் அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும். சைடு கவர், செயின் கவர், மட்கார்டு, ஸ்கூட்டரின் முன் பேனல், கால் வைக்கிற இடத்துப் பிளாஸ்டிக் என்று வண்டியின் மேல் மூடியிருக்கிற உடம்பு ஒன்று இருக்கிறதே, அது ஓடுகிற ஓட்டத்தில் கழன்று விழாமல் இருப்பது எப்படி? இதற்கெல்லாமா ஓர் ஆசிரியர் பக்கம் என்று நீங்கள் கேட்கலாம். விலைவாசி இருக்கிறது, பள்ளிக் கட்டணம் இருக்கிறது, பேச ஆயிரம் இருக்கிறது. உண்மைதான். ஆனால் காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மனைவியை பஸ் ஸ்டாப்பில் விட்டு, நாம் வேலைக்குப் போவது எதில்? அந்த இரண்டு சக்கரத்தில்தானே?

பேனல் என்றால் அழகுக்கு வைத்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். கொஞ்சம் குனிந்து பாருங்கள். சைடு கவருக்குப் பின்னால் பேட்டரி இருக்கிறது, ஃபியூஸ் இருக்கிறது, ஒயரிங் இருக்கிறது, பல வண்டிகளில் ஏர் ஃபில்டரும் அங்கேதான். செயின் கவருக்குள் செயினும் பல் சக்கரமும் ஓடுகின்றன. மழைத் தண்ணீரும் சேறும் போகக் கூடாத இடங்கள் இவை. நம் கையும் காலும் துணியும் போகவே கூடாத இடங்களும் இவைதான்.

துணி என்று சொன்னேன் அல்லவா, எனக்கு நிஜமான கவலை அங்கேதான்.

நம் ஊரில் பின்னால் உட்காரும் பெண்களில் நிறையப் பேர் ஒரு பக்கமாகக் கால் போட்டுத்தான் உட்காருகிறார்கள். புடவை கட்டினால் வேறு வழியும் இல்லை. மடியில் ஒரு குழந்தை, தோளில் ஒரு பை, கையில் காய்கறிக் கூடை. முந்தானையோ துப்பட்டாவோ எப்போது நழுவியது என்று தெரியாது. சக்கரத்துக்கும் அந்தத் துணிக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு கம்பி வலை, அதாவது சாரி கார்டு. இது கம்பெனிக்காரர்கள் மனம் இரங்கிக் கொடுத்த இலவசம் என்று நினைக்காதீர்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி இதைச் சொல்கிறது. பின்னால் உட்காருபவருக்குப் பிடிமானம் இருக்க வேண்டும், கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் இருக்க வேண்டும், உடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாத அளவை மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும். மூன்றும் சட்டம்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? அப்பாவின் பைக் மகன் கைக்கு வருகிறது. முதல் வேலையாக சாரி கார்டைக் கழற்றுகிறான். "பழைய ஆளுங்க வண்டி மாதிரி இருக்கும்மா" என்கிறான். அம்மாவும் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார். அடுத்த வாரம் கல்யாணத்துக்குப் பட்டுப் புடவையோடு அதே வண்டியின் பின்னால் ஏறப்போவது அதே அம்மாதான்.

செயின் கவர் கதை வேறு மாதிரி. அதில் ஒரு போல்ட் தளர்ந்தால் கவர் இறங்கிச் செயினில் உரசும். கரகரவென்று சத்தம். மெக்கானிக்கிடம் போக நேரம் இல்லை. சத்தம் தாங்காமல் ஒரு நாள் கவரையே கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறோம். சத்தம் நின்றுவிடுகிறது. எல்லோருக்கும் நிம்மதி. பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இப்போது ஓடுகிற செயின் திறந்து கிடக்கிறது என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. தளர்ந்த பேனலைவிட, தளர்ந்ததால் கழற்றி எறிந்த பேனல்தான் நம் வீடுகளில் அதிக ஆபத்து என்பது என் கணக்கு.

சரி, போல்ட் ஏன் தளர்கிறது? கம்பெனியில் இருந்து வரும்போது இறுக்கமாகத்தானே இருந்தது?

நம் கம்யூட்டர் பைக்குகள் எல்லாம் ஒரே சிலிண்டர் வண்டிகள். இன்ஜின் நிமிடத்துக்கு 4,500 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 75 முறை பிஸ்டன் மேலே போய்க் கீழே வருகிறது. அரை மணி நேரப் பயணத்தில் 1,35,000 முறை. ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன உலுக்கல். இதோடு ஸ்பீட் பிரேக்கர். அதற்கென்று ஓர் அளவு உண்டு: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், மெல்ல ஏறி மெல்ல இறங்கும் வளைவு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது. நம் தெருவில் மீந்த தாரைக் கொட்டி ஒரு முழ அகலத்தில் எழுப்பிய மேட்டைப் பார்த்தால் எதுவும் சொல்லத் தோன்றாது. அதன் மேல் வண்டி ஏறி இறங்குகிற ஒவ்வொரு முறையும் பேனல்கள் ஒரு துள்ளு துள்ளுகின்றன.

1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் போல்ட் ஏன் கழல்கிறது என்று ஆராய்ந்து ஓர் உண்மையைக் காட்டினார். போல்ட்டை மேலும் கீழும் இழுப்பதைவிட, அது பிடித்திருக்கும் பொருள் பக்கவாட்டில் நழுவுவதுதான் அதைக் கழற்றிவிடும். பக்கவாட்டில் அசைவு இருந்தால், நன்றாக இறுக்கிய போல்ட்டும் யாரும் தொடாமலே தானாகத் திரும்பிக் கழன்றுவிடும்.

இதை நம் சைடு கவருக்குப் பொருத்திப் பாருங்கள். மூன்று இடத்தில் பிடித்திருக்க வேண்டிய பேனல். ஒரு ஸ்குரூ இல்லை. "ரெண்டு இருக்கே, போதும்" என்று விட்டுவிடுகிறோம். மூன்று கல் அடுப்பில் ஒரு கல் சரிந்தால் பானை எப்படி நிற்குமோ அப்படித்தான் அந்த பேனலும் நிற்கும். பிடிப்பு இல்லாத மூலை பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் மிச்சமிருக்கிற இரண்டு ஸ்குரூவையும் மெதுவாகத் திருப்பிவிடும். ஆகவே தொலைந்தது ஒரு ஸ்குரூ என்று நினைப்பது தப்புக் கணக்கு. மற்ற இரண்டும் கிளம்ப நாள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

வேகமும் சேர்ந்துகொள்ளும். காற்று தள்ளுகிற விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்று பள்ளியில் படித்திருப்போம். 40-இல் போகும்போது இருப்பதைவிட 80-இல் போகும்போது நான்கு மடங்கு. ஊருக்குள் லேசாக ஆடிக்கொண்டிருந்த பேனல் பைபாஸில் ஏறியதும் பிய்த்துக்கொண்டு பறப்பது இதனால்தான். ஃபேரிங் என்கிற முன்மூடி வைத்த பைக்கை கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரட்டுகிற தம்பிகள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கட்டும். முன்னால் கழன்ற துண்டு பின்னால் பறந்துவிட்டால் நாம் தப்பித்தோம். ஆனால் அது பின்னால் வருகிறவர் மேல் விழலாம். நம் முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சிக்கவும் செய்யலாம். அப்புறம் நடப்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அந்தக் காலத்து ஸ்கூட்டர் வைத்திருந்த வீடுகளுக்கு இந்தத் தலைவலி இவ்வளவு கிடையாது. 1972-இல் வந்த பஜாஜ் சேத்தக்கை நினைத்துப் பாருங்கள். உடம்பு முழுக்க இரும்புத் தகடு. வலப்பக்கம் இன்ஜினை மூடுகிற உருண்டையான மூடி. இடித்தால் நசுங்கும், உடையாது. டிங்கரிங் கடையில் தட்டி எடுத்து பெயிண்ட் அடித்தால் முடிந்தது. இன்றைய வண்டிகளில் பிளாஸ்டிக் அதிகம். எடை குறைவு, துரு இல்லை, விதவிதமான வடிவம். நல்ல விஷயம்தான். ஆனால் பிளாஸ்டிக்குக்கு இரண்டு குணம் உண்டு. வெயிலில் வருஷக்கணக்கில் கிடந்தால் அதன் நெகிழ்வு போய் மொறுமொறுப்பாகிவிடும். தொடர்ந்து அழுத்தம் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து கொடுத்துக்கொண்டே போகும். வேலூர் வெயிலில் ஆபீஸ் வாசலில் எட்டு மணி நேரம் நிற்கிற வண்டியின் பேனலுக்கு வயசு சீக்கிரம் ஏறும்.

இந்த இரண்டாவது குணம் தெரிந்தால்தான் ஒரு சின்ன சாமானின் அருமை புரியும். பேனலின் ஸ்குரூ துளையில் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். பல வண்டிகளில் அந்த ரப்பருக்குள் குட்டி இரும்புக் குழாய் ஒன்றும் இருக்கும். காலர் என்பார்கள். போல்ட் இறுக்குவது அந்தக் காலரைத்தான். பேனல் ரப்பரின் தயவில் சற்றே அசைந்து கொடுத்தபடி உட்கார்ந்திருக்கும். காலர் தொலைந்துவிட்டால் போல்ட் நேராகப் பிளாஸ்டிக்கை அமுக்கும். பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும். இன்று நீங்கள் எவ்வளவு இறுக்கினாலும் சில வாரத்தில் தளர்ந்துவிடும். தளர்கிறதே என்று இன்னும் ஒரு சுற்று இறுக்குவோம். துளையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் ஓடும். அப்புறம் "பிளாஸ்டிக் குவாலிட்டியே சரியில்லை" என்று கம்பெனியைத் திட்டுவோம்.

அந்த ரப்பரும் காலரும் எப்போது தொலைகின்றன? இங்கேதான் நாம் மனசாட்சியோடு பேச வேண்டும்.

சர்வீஸ் விட்டு எடுத்த வண்டியில் புதுசாக ஒரு சத்தம் வருவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். உடனே மெக்கானிக் மேல் கோபம் வரும். அவர் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். இப்போதைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் சின்ன வேலைக்குக்கூட இரண்டு மூன்று பேனலைக் கழற்ற வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஸ்குரூ, கொக்கி, அமுக்கி எடுக்கிற பிளாஸ்டிக் கிளிப். ஸ்குரூக்கள் ஒரே நீளம் கிடையாது. எல்லாம் ஒரு டப்பா மூடியில் கலந்து கிடக்கும். வாசலில் இன்னும் நான்கு வண்டி காத்திருக்கும். ஒவ்வொரு ஓனரிடமிருந்தும் போன். "அண்ணே, ஆயிடுச்சா?"

கழற்றுவது சுலபம். மாட்டுவதில்தான் நேரமும் திறமையும் போகிறது. அந்த நேரத்துக்கு நாம் காசு கொடுக்கிறோமா? ஆயிலுக்கு இவ்வளவு, ஃபில்டருக்கு இவ்வளவு என்றால் பேசாமல் கொடுத்துவிடுகிறோம். லேபர் என்று வந்தவுடன் "என்னண்ணே, இதுக்குப் போயி" என்று பேரம் பேசுகிறோம். நாம் குறைத்த அந்த ஐம்பது ரூபாய்தான் டப்பா மூடியில் மிச்சமாகிக் கிடக்கிற ஸ்குரூ. நல்ல மெக்கானிக்குகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. எவ்வளவு பேரம் பேசினாலும் கடைசிக் கிளிப் வரை போட்டுக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிடாதீர்கள்.

மெக்கானிக்கைத் தாண்டியும் ஆள் இருக்கிறது. வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் தண்ணீரைப் பேனலின் இடுக்கில் நேராக அடிக்கிறார்கள். பளபளப்புக்காக டீசலைத் தெளித்துத் துடைக்கிற கடைகளும் உண்டு. பார்க்க ஷோரூம் வண்டி மாதிரி இருக்கும். உள்ளே ரப்பர் புஷ் எண்ணெய் குடித்து உப்பிக் கெட்டுப்போகும். பெட்ரோல் இன்னும் மோசம். ஸ்டிக்கர் கறையைத் துடைக்க பெட்ரோலில் நனைத்த துணியை எடுக்காதீர்கள். சில வகைப் பிளாஸ்டிக் அதில் நுண்ணிய வெடிப்பு விடும். சோப்புத் தண்ணீர் போதும்.

வீட்டுக்காரர்களான நாமும் சும்மா இருப்பதில்லை. கேஸ் சிலிண்டரை ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் ஏற்றுகிறோம். உள்ளே 14.2 கிலோ கேஸ். சிலிண்டரின் சொந்த எடையும் சேர்ந்தால் 30 கிலோவுக்குப் பக்கம். அதை மெதுவாகவா இறக்கி வைக்கிறோம்? தொம் என்று வைக்கிறோம். அடியில் இருக்கிற பிளாஸ்டிக் கொக்கிகள் ஒவ்வொன்றாக உடைகின்றன. முன்னால் தொங்குகிற கொக்கியில் ஐந்து கிலோ அரிசியும் இரண்டு தேங்காயும் மாட்டுகிறோம். அந்தக் கொக்கி எவ்வளவு தாங்கும் என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். முன்னால் நிற்கிற பிள்ளை ஷூ காலால் உதைத்துக்கொண்டே வருகிறது. பின்னால் ஏறுகிறவர் ஃபுட்ரெஸ்ட்டை விட்டுவிட்டு சைடு கவரில் கால் ஊன்றி ஏறுகிறார்.

ஆக, இந்த பேனல் யார் பொறுப்பு? கம்பெனியைக் கேட்டால் சரியாகப் பராமரிக்கவில்லை என்பார்கள். மெக்கானிக்கைக் கேட்டால் ஏற்கெனவே உடைந்திருந்தது என்பார். வாட்டர் வாஷ்காரர் தண்ணீர்தானே அடித்தேன் என்பார். கடைசியில் வண்டி நம் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. நாமே எடுத்துக்கொள்வதுதான் நல்லது.

பெரிய வேலை ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் துடைக்கும்போது செய்துவிடலாம். ஆயுத பூஜைக்குக் கழுவும்போதாவது கட்டாயம் செய்யுங்கள், சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன்னால். இன்ஜின் ஆறியிருக்கட்டும். ஒவ்வொரு பேனலையும் உள்ளங்கையால் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். எந்த மூலை ஆடுகிறதோ அங்கே ஏதோ இல்லை. பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு பேனலாகக் கையால் அமுக்குங்கள். எதை அமுக்கும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. சைலன்சர் பக்கமும் சக்கரத்தின் பக்கமும் கையைக் கொண்டுபோக வேண்டாம்.

ஸ்குரூ ஒன்று இல்லை என்று தெரிந்தால், வீட்டு டப்பாவில் கிடக்கிற எதையாவது எடுத்து முறுக்கிவிடுகிற ஆசை வரும். வேண்டாம். நீளம் அதிகமான ஸ்குரூ உள்ளே போய் ஒயரிங்கைக் குத்தும். ஒரு மழை நாளில் ஹெட்லைட் அணைந்து, ஃபியூஸ் போய், காரணம் தெரியாமல் நாள் பூரா தேடுவார்கள். கூர் முனை உள்ள செல்ஃப் ஸ்குரூவைப் போட்டால் துளை பெரிதாகி, அடுத்த முறை சரியான ஸ்குரூவே நிற்காது. ஒரிஜினல் ஸ்குரூவும் ரப்பரும் காலரும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். வண்டி மாடலைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். அதிக விலை கிடையாது. ரப்பர் மட்டும் உடனே வேண்டும் என்றால் நம் ஊர் வைத்தியம் ஒன்று இருக்கிறது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு காசு அளவு வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு வாஷராக வையுங்கள். சில மாதம் தாராளமாக ஓடும். இதை எந்த மேனுவலும் சொல்லாது, ஆனால் வேலை செய்யும்.

மாட்டும்போது ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் கொக்கிகளும் முளைகளும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தனவா என்று பாருங்கள். ரப்பருக்குள் போகிற முளை அடம் பிடித்தால் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் தடவுங்கள், சுத்தியலைத் தேடாதீர்கள். எல்லா ஸ்குரூவையும் விரலால் இரண்டு சுற்று மாட்டிவிட்டு, அதன் பிறகே ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஒரு மூலையை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசித் துளை நேருக்கு நேர் வராது. வராததை நெம்பி வர வைப்போம். முளை உடையும். வீட்டில் உடைகிற பேனல்களில் பல இப்படித்தான் உடைகின்றன என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். இறுக்கம் போதும் என்று ஸ்குரூ நின்றதும் நிறுத்திவிடுங்கள். இது பிளாஸ்டிக், சக்கரத்து நட் கிடையாது.

அடிக்கடி கழல்கிற போல்ட்டுக்கு லாக்டைட் என்கிற மரைப் பசை போடச் சொல்வார்கள். நல்ல யோசனைதான், இரும்பு போல்ட் இரும்பு நட்டில் போகிற இடத்தில் மட்டும். நீல நிறத்தது, மரையில் ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் பட்டால் சில வகைகளில் விரிசல் விடும். பிளாஸ்டிக் பக்கத்துக்கு ரப்பர்தான் வைத்தியம்.

உடைந்தே போய்விட்டதா? உடனே புதுசு வாங்க ஓட வேண்டாம். விரிசல் ஓடிக்கொண்டிருந்தால், அது முடிகிற முனையில் மிகச் சின்னதாக ஒரு துளை போட்டால் மேலே ஓடாமல் நின்றுவிடும். ஃபெவிக்விக்கோடு சமையல் சோடாவைத் தூவி ஒட்டுகிற வித்தையை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். நிஜமாகவே கல் மாதிரி இறுகும். ஆனால் நெகிழ்வு இருக்காது, அதிர்கிற இடத்தில் மறுபடி விட்டுப் போகும். ஒட்டும்போது சூடாகும், ஆவி கண்ணில் படக் கூடாது, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் வெல்டிங் செய்கிற கடைகள் இப்போது பல ஊர்களில் வந்துவிட்டன. உள்பக்கம் கம்பி வலை வைத்து உருக்கிச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். முளை, கொக்கி உடைந்ததற்கு அது நல்ல வழி. சென்னைக்காரர்களுக்கு இருக்கவே இருக்கிறது, பழைய உதிரி பாகங்கள் கிடைக்கிற புதுப்பேட்டை. பழைய பேனலை வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், திருப்பிப் போட்டு முளைகள் முழுசாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நிறத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்கிறீர்களா? இதை வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை பேசிவிடுங்கள். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது டூவீலர்களுக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். நம் வண்டிக்கு ஆகிற சேதத்துக்கான காப்பீடு பெரும்பாலும் முதல் வருஷத்துக்கு மட்டும் போட்டிருப்போம். "இன்னும் நாலு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு" என்று நிம்மதியாக இருப்போம். அது அடுத்தவருக்கான காப்பீடு. நம் பேனலுக்கு அதில் ஒரு பைசா வராது. முழுக் காப்பீடு இருந்தாலும், சாதாரண பாலிசியில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். பாதிதான் கிடைக்கும். கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸும் போகும். முதல் வருஷம் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து வருஷத்தில் 50 சதவீதம் வரை ஏறுகிற தள்ளுபடி அது. ஒரு சைடு கவருக்காக அதை இழப்பது லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பல நேரம் லாபமாக இருக்காது.

மின்சார ஸ்கூட்டர் வாங்கிய வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. இன்ஜின் சத்தம் இல்லாததால் பேனலின் சின்ன முணுமுணுப்பும் நன்றாகக் கேட்கும். வண்டியே பழுது என்று பயந்துவிடாதீர்கள், பெரும்பாலும் ஒரு கிளிப்பாக இருக்கும். ஆனால் பேட்டரி இருக்கிற பக்கத்தை மட்டும் வீட்டில் திறக்க வேண்டாம். சர்வீஸ் சென்டரிலேயே பார்க்கச் சொல்லுங்கள். நம்பர் பிளேட்டும் அப்படித்தான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இருக்கிற உயர் பாதுகாப்புத் தகடு, கழற்ற முடியாத ஸ்னாப் லாக்கில் பிடித்திருக்கும். அது ஆடினால் நாமாகத் துளை போட்டு போல்ட் மாட்டுவது சரியில்லை. டீலரிடம் போக வேண்டும்.

அடுத்த முறை சர்வீசுக்கு விடும்போது, "பேனல்ல எல்லா ஸ்குரூவும் ரப்பரோட போட்டுடுங்கண்ணே, இல்லாதது இருந்தா வாங்கிப் போடுங்க, அதுக்குத் தனியா லேபர் வாங்கிக்கங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எடுக்கும்போது அவர் முன்னாலேயே ஒரு சுற்று ஆட்டிப் பாருங்கள். சந்தேகப்படுகிறார்கள் என்று அவர் நினைக்கமாட்டார். தன் வேலையை மதிக்கிற ஆள் என்றுதான் நினைப்பார். விடும்போதே வண்டியின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவைத்தால் பின்னால் வாக்குவாதமும் இருக்காது.

நம் ரோட்டில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. சைடு ஸ்டாண்டு எடுக்காமல் ஒருவர் போனால், முன்பின் தெரியாத நான்கு பேர் "ஸ்டாண்டு, ஸ்டாண்டு" என்று கத்துவார்கள். துப்பட்டா தொங்கினால் "அக்கா, துப்பட்டா!" என்று ஒரு குரல் வரும். இந்தப் பட்டியலில் பேனலையும் சேர்த்துக்கொள்வோமே? முன்னால் போகிற வண்டியின் சைடு கவர் தொங்கினால், மட்கார்டு டயரில் உரசினால் சொல்லுங்கள். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போய்க் கத்தினால் அவர் மிரண்டு பிரேக் அடிப்பார். சற்றுத் தள்ளி முன்னால் போய்க் கையைக் காட்டுங்கள், சிக்னல் இருந்தால் அங்கே சொல்லுங்கள்.

உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால், ஓட்டிக்கொண்டே குனிந்து கையால் தள்ளுவதும், காலால் உள்ளே உதைப்பதும் கூடவே கூடாது. பின்னால் இருப்பவரை "கொஞ்சம் பிடிச்சுக்கம்மா" என்று பிடிக்கச் சொல்வதும் வேண்டாம். ஓரம் கட்டி, பின்னால் இருப்பவரை இறக்கிவிட்டு, சாவியைத் திருப்பி வண்டியை அணைத்த பிறகு கையை வையுங்கள். சீட்டுக்கு அடியில் இரண்டு கேபிள் டை போட்டுவைத்திருந்தால், துளையில் கோத்து இழுத்துக் கட்டிக்கொண்டு மெதுவாக மெக்கானிக் கடை வரை போய்விடலாம். கேபிள் டை கடை வரைக்கும் மட்டும்தான். அதையே அடுத்த தீபாவளி வரை ஓட்டாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்